தாடையில் தொங்கிய முகக்கவசம்

பழைய போனில் படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். 2021 மார்ச் மாதத்துப் படம் ஒன்று சிக்கியது. எங்கள் தெருமுனைப் பிரசாரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நெருக்கியடித்துக்கொண்டு, முகக்கவசமெல்லாம் தாடையில். (என்னுடையது சட்டைப் பையில். அடுத்தவரை மட்டும் சொல்வானேன்!)

ஏப்ரல் 6 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. 26ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், கொரோனா இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குக் காட்டமாகப் பேசியது. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வார்த்தைகள் கடுமை என்றார்கள் அங்கே. அத்தோடு சரி. மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டமாக ஏப்ரல் 29 வரை இழுத்தார்களே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்?

பிரிட்டனில் கொரோனாவை அரசு கையாண்ட விதம் பற்றி முன்னாள் நீதிபதி ஹாலெட் அம்மையார் நடத்திய விசாரணையில் முன்னாள் பிரதமர் ஜான்சனே வந்து சாட்சி சொன்னார். பிரேசிலில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு இதையே ஆறு மாதம் தோண்டியது. இங்கே 2020-21இல் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, கணக்குப் போட்ட முறையே தப்பு என்றது ஒன்றிய அரசு. சரி, தப்பாகவே இருக்கட்டும். சரியான கணக்கை எடுக்க ஒரு விசாரணை ஆணையம் போடுங்களேன்.

படத்தில் முதல் வரிசையில் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டிருப்பவர் எங்கள் மாடி வீட்டு அண்ணன். மே மாதம் போய்விட்டார். அந்தப் படத்தை மட்டும் அழிக்கவில்லை.