‘ஊர்’ என்று போடுவதா, ‘வீடு’ என்று போடுவதா: வேலூர்த் திரையிடல் நாட்குறிப்பு

ஜனவரி 6

30-ஆம் தேதி மாலை மைதானத்தில் திரையிட நான்கு குறும்படங்கள் முடிவாகிவிட்டன. நான்கையும் எடுத்தவர்கள் பிறந்த மண்ணை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள். சாப்ளினின் ‘தி இமிகிரன்ட்’ (1917), மோனா ஹாட்டூமின் ‘மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்’ (1988), டொராண்டோவில் எடுத்த 12 நிமிட யாழ்ப்பாணத் தமிழ்ப் படம், லண்டனில் எடுத்த 9 நிமிட வங்காளிப் படம்.

தேதிக்குக் காரணம் உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூரில் சிறைவாசத்திலேயே இறந்தது 1832 ஜனவரி 30. பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு இல்லாத கடை குறைவு. இந்தப் படங்களை இந்த ஊரில் காட்டாமல் வேறு எங்கே காட்டுவது?

இயக்குநருக்கு எழுதும்போது மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணமில்லாத ஒருமுறைத் திரையிடலுக்கு எழுத்தில் அனுமதி. சப்டைட்டில் எழுத்து எதுவும் ஒட்டாத சுத்தப் பிரதி. பேசும் மொழியிலேயே முழு வசனப் பட்டியல். இரண்டாவதை மறந்தால் அடியில் ஆங்கிலம், அதன் மேல் தமிழ் என்று திரையில் நான்கு வரி நிற்கும், முகம் தெரியாது.

ஜனவரி 9

தமிழ் சப்டைட்டிலுக்குச் சொல் முடிவு செய்யும் நாள். ‘ஹோம்’ என்று வந்தால் வீடா, ஊரா, நாடா? ஒரே சொல்லைப் படம் முழுக்கப் போட்டால் ஏதாவது ஓர் இடத்தில் பொய்யாகும். சுவரும் கதவும் தெரிந்தால் ‘வீடு’. திரும்பிப் போக ஏங்கினால் ‘ஊர்’. பாஸ்போர்ட், விசா பேச்சு என்றால் மட்டும் ‘நாடு’.

‘அகதி’ என்பதை எல்லோருக்கும் ஒட்ட முடியாது. வேலை தேடிப் போனவர் அகதி இல்லை. தமிழக அரசே 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிவிட்டது. படத்தில் ஓர் அதிகாரி அந்தச் சொல்லை ஏளனமாகச் சொன்னால் அங்கே ‘அகதி’ என்றே இருக்கட்டும். மென்மையாக்கினால் காட்சி செத்துவிடும்.

ஜனவரி 13

ஃபைல் வேலை. யாழ்ப்பாணப் படத்தின் வசனம் பாமினி எழுத்துருவில் வந்திருக்கிறது. இலங்கையில் தட்டச்சு செய்பவர்கள் பலர் இன்னும் அதில்தான் அடிக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். மாற்றிய பிறகும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அடுத்தது நேரப் பிசகு. முதல் வசனமும் கடைசி வசனமும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். முதல் வசனம் சரியாக இருந்து கடைசி வசனம் மட்டும் முன்னால் வந்தால் பிரேம் வேகம் வேறு. நொடிக்கு 25 பிரேம் பிரதிக்கு எழுதிய சப்டைட்டிலை 23.976 பிரதியில் ஓட்டினால் 15 நிமிட முடிவில் 37 நொடி முந்திவிடும். எல்லா நேரத்தையும் 1.0427-ஆல் பெருக்கினால் சரியாகும்.

புரொஜெக்டரில் பென்டிரைவைச் சொருகி அதன் பிளேயரையே நம்பக் கூடாது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். எழுத்தைப் படத்தோடு ஒட்டி ஒரே எம்பி4 ஆக்குவதே பாதுகாப்பு. ஒட்டும் மென்பொருளில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இல்லாவிட்டால் அங்கேயும் அதே சிதறல்தான். ‘கொ, கௌ, ஸ்ரீ’ மூன்றையும் வைத்து ஒரு வரி சோதித்துவிட்டு முழுப் படத்தையும் ஒட்டவும்.

ஜனவரி 17

ஹாட்டூம் படத்துக்கு மட்டும் முழு நாள் போனது. போகவும் வேண்டும்.

அவர் பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனர். 1975-இல் லண்டனுக்கு வந்திருந்தபோது லெபனானில் போர் மூண்டது, அங்கேயே தங்க நேர்ந்தது. படத்தில் அம்மா எழுதிய கடிதங்களை மகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். பின்னால் அம்மாவும் மகளும் அரபியில் பேசிச் சிரிப்பது கேட்கிறது. அம்மா குளிக்கும் படங்களின் மேல் கடிதத்தின் அரபிக் கையெழுத்து வலை போலக் கிடக்கிறது.

இதில் மூன்று சிக்கல். தமிழ் வரி அந்தக் கையெழுத்தின் மேல் விழுகிறது. பட்டை வைக்காமல் படிக்க முடியாது, கறுப்புப் பட்டை கையெழுத்தை மறைக்கிறது. பாதி ஒளிபுகும் பட்டையை, எழுத்து வரும் நேரத்துக்கு மட்டும் வைத்தோம். இரண்டாவது, அரபி உரையாடலைத் தமிழாக்குவதா? கூடாது. இயக்குநரே அதை ஆங்கிலத்தில் தரவில்லை. புரியாத சிரிப்பாகவே அது காதில் விழ வேண்டும். தூரம் என்பது அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, அம்மாவின் உடல் தெரிகிறது. வெட்டவோ மங்கலாக்கவோ மாட்டோம். தொடங்கும் முன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் குழந்தைகளோடு வந்தவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

வாசிப்பு விடாமல் ஓடுவதால் தமிழைச் சுருக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல், ஆறு நொடி. ‘வந்துகொண்டிருந்தபோது’ பாதி வரியைத் தின்னும். ‘வரும்போது’ போதும். கடைசிக் கடிதத்தில் தபால் நிலையம் குண்டுவெடிப்பில் அழிந்த செய்தி வருகிறது. அந்த வரி குரலுக்கு முன்னால் தெரிந்துவிடக் கூடாது.

ஜனவரி 19

வங்காளிப் படம். ஒரு பாத்திரம் ‘ஜொல்’ என்கிறது, இன்னொன்று ‘பானி’ என்கிறது. இரண்டும் தண்ணீர்தான். ஆனால் பெரும்பாலும் இந்துக்கள் ஜொல் என்பார்கள், முஸ்லிம்கள் பானி என்பார்கள். ஆங்கிலப் பட்டியலில் இரண்டும் ஒரே சொல். அதைப் பார்த்துத் தமிழாக்கினால் இரண்டு பேருக்கும் நடுவே உள்ள கோடு அழிந்துபோகும். ‘ஜொல் வேணுமா?’, ‘பானியா, குடுங்க’ என்று அப்படியே விட்டோம். தம்ளர் கையில் தெரிவதால் விளக்கம் வேண்டியதில்லை.

ஜனவரி 21

யாழ்ப்பாணப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடையாது. தமிழுக்குத் தமிழ் போட்டால் அவர்கள் பேச்சு தமிழில்லை என்று சொன்னதாகிவிடும். கெதியா என்றால் சீக்கிரம், பேந்து என்றால் பிறகு, வடிவு என்றால் அழகு, கதைக்கிறது என்றால் பேசுவது. இந்த நான்கையும் மேடையில் சொல்லிவிட்டால் போதும்.

ஜனவரி 25

மைதானம். சூரியன் 6.10 வாக்கில் மறையும், 6.50-க்கு முன் திரையில் கறுப்பு கறுப்பாக வராது. 3,500 லூமன் புரொஜெக்டர், 10 அடி அகலத் திரை. லென்ஸ் விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 என்பதால் 15 அடி தள்ளி வைக்க வேண்டும். பாயில் உட்கார்ந்தால் திரையின் அடி தரையிலிருந்து 4 அடி, நாற்காலி என்றால் ஐந்தரை. இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கும். எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் 15-இல் ஒரு பங்கு. ‘கி’க்கு மேலேயும் ‘கு’க்குக் கீழேயும் குறி நீள்வதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும்.

தை மாதப் பனி லென்ஸில் படியும். வெளியே எடுத்து வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, மேலே தார்ப்பாய் ஒரு சாண் உயரத்தில் கட்டவும். காற்றுப் போகும் வழியை அடைக்கக் கூடாது.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது. ஒரே ஸ்பீக்கர் என்றால் இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கொடுக்கவும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக் குரல் காணாமல் போகும்.

ஜனவரி 28

சாப்ளின் படத்தை ஓட்டிப் பார்த்தாயிற்று. முதல் பிரதி வேகமாக ஓடி வெறும் கூத்தாகத் தெரிந்தது. நொடிக்கு 18 பிரேம் அளவில் ஓடும் பிரதியே நல்லது. சுதந்திர தேவி சிலையைக் கண்டதும் கப்பலில் வந்தவர்களைக் கயிறு கட்டித் தடுக்கும் இடத்தில் இசையை நிறுத்திவிட்டோம்.

ஜனவரி 31

எழுத்து எல்லா வரிசைக்கும் தெரிந்தது. 7.25-க்கு இஷா பாங்கு ஒலித்தபோது படத்தை நிறுத்தியது சரி. வங்காளத்தில் அச்சிட்ட கதைச்சுருக்கம் 40 தாள் போதவில்லை, அடுத்த முறை 80 வேண்டும்.

ஒரு தவறு. வங்காளிப் படத்தில் ‘தேஷ்’ என்று வரும் இடத்தில், ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து ‘நாடு’ என்று போட்டிருந்தோம். லாட்ஜிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் படம் முடிந்ததும் வந்து சொன்னார்: தேஷ் என்றால் அவர்களுக்குப் பூர்வீகக் கிராமமும் தான், விடுமுறைக்குப் போகிற இடம். 31-ஆவது வரி மாற்றப்பட்டது: ‘ஊருக்குப் போறேன்.’