நைட்ரஸுக்கு முன்னால் எஞ்சினைத் திறந்தோம்

எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் செலுத்திப் பவர் கூட்டும் நைட்ரஸ் கிட்டை ஒரு காரில் மாட்டுவது பெரிய வேலை இல்லை. பாட்டில் ஒன்று, சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) இரண்டு, ஒரு பிளேட், கொஞ்சம் பைப், கொஞ்சம் வயரிங். சனி ஞாயிறில் முடித்துவிடலாம். அது கிளப்பப்போகும் சூட்டைத் தாங்கும்படி எஞ்சினைத் தயார் செய்யத்தான் எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. இதில் இறங்க நினைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பவர் ஏறும்?" என்றுதான். அந்தச் சூடு எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. அதற்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் டெக்சாஸில், டல்லாஸுக்குத் தெற்கே இருக்கிறேன். கார் 2002 செவ்ரோலே கமாரோ இசட்28. உள்ளே ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ்.1 எஞ்சின்: 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், அலுமினிய பிளாக், 310 குதிரைத்திறன். இதன் மேல் இன்னொரு 150 குதிரைத்திறனை நைட்ரஸ் வழியாக ஏற்ற வேண்டும். இங்கே அதை 150 ஷாட் என்பார்கள். ரோட்டில் இதைத் திறக்கும் எண்ணமே இல்லை. எனிஸ் ஊரில் 1986 முதல் இருக்கும் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ் கால் மைல் டிராக்கில் மட்டும்.

கூட நின்றவர் ஓர் அண்ணன். ஓசூரில் டூல் ரூமில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நைட்ரஸ் ஆக்ஸைடு எரிபொருள் கிடையாது. தானாக எரியாது. காற்றில் எடைப்படி ஆக்ஸிஜன் சுமார் 23 சதவீதம். இதில் 36 சதவீதம். சிலிண்டருக்குள் 300 டிகிரி வாக்கில் மூலக்கூறு உடைந்து அந்த ஆக்ஸிஜன் வெளியே வருகிறது. அப்போது கூடுதல் பெட்ரோலும் அங்கே இருந்தால் எரிந்து பவராகும். பெட்ரோல் குறைந்தால் கலவை வறண்டு, சூடு தலைக்கேறி, அடி விழுவது பிஸ்டனுக்கு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரியும் வாயுவின் சூடு அதைப்போல மூன்று நான்கு மடங்கு. இது புதுச் சரக்கும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காற்று மெலிந்த உயரங்களில் பறக்க ஜெர்மானியர்கள் தங்கள் போர் விமானங்களில் ஜி.எம்.1 என்ற பெயரில் இதையேதான் பயன்படுத்தினார்கள்.

ஒன்றும் செய்யாத எல்.எஸ்.1-இல் 150 ஷாட் அடித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. பலருக்கு ஓடவும் செய்கிறது. ஆனால் என் வண்டி ஓடித் தேய்ந்த வண்டி. அதனால் கிட் வாங்குவதற்கு முன்பே லீக்டவுன் டெஸ்ட் எடுத்தோம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஏழாவது சிலிண்டர் இருபதைத் தொட்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தம். வால்வு வழியாகப் போயிருந்தால் சத்தம் சைலன்சரிலோ, காற்று உள்ளே போகும் இன்டேக்கிலோ கேட்கும். இங்கே கேட்டதால் கோளாறு ரிங்கில், அதாவது பிஸ்டனைச் சுற்றி நின்று வாயு கீழே இறங்காமல் அடைக்கும் வளையத்தில். "தம்பி, இதுக்கு மேல பேச்சே இல்ல. கழட்டிரு" என்றார் அண்ணன்.

கழற்றினோம். கம்பெனி பிஸ்டன் சிலிக்கன் கூடுதலாகக் கலந்த வார்ப்பு அலுமினியம். தேய்மானத்துக்கு நல்லது, ஆனால் அடி தாங்காது. நைட்ரஸில் ஒரு முறை டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் படாரென்று வெடிப்பது) வந்தால் ரிங்குக்கு இடையில் உள்ள விளிம்பு துண்டாக உடைந்து வரும். அதனால் 2618 என்ற அலுமினிய அலாயில் ஃபோர்ஜ் செய்த, அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டோம். அதில் சிலிக்கன் குறைவு. உடையாமல் வளைந்து கொடுக்கும். பதிலுக்கு சூட்டில் அதிகம் விரியும், எனவே சுவருக்கும் அதற்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் கடகடவென்று சத்தம் வரும். சூடானால் நின்றுவிடும். கனெக்டிங் ராடையும் ஃபோர்ஜ் செய்ததாக மாற்றி, கிராங்கை மறுபடி பேலன்ஸ் பார்த்து வாங்கினோம். இந்த பிளாக்கில் சிலிண்டர் சுவரான இரும்பு லைனர் மெலிது, இஷ்டத்துக்குக் குடைந்து பெரிதாக்க முடியாது. ஹெட் மாட்டியதுபோல பிளாக்கை இறுக்கும் டார்க் பிளேட்டை முறுக்கி வைத்து, சுவரை லேசாகத் தேய்த்து எடுக்கும் ஹோன் மட்டும் செய்தார்கள். ஹெட் போல்ட்டுகள் ஒரு முறை இழுத்தால் நீண்டுவிடும் ரகம், திரும்பப் போடக்கூடாது, ஏ.ஆர்.பி. கம்பெனி ஸ்டட் போட்டோம்.

இப்போது ரிங் கேப். என்னைக் கேட்டால் நைட்ரஸ் எஞ்சின் என்றால் பாதி இதுதான். ரிங் ஒரு முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த வெட்டு மூடிக்கொண்டே வரும். முழுதும் மூடி இரண்டு முனையும் முட்டிவிட்டால் ரிங் போக இடமில்லாமல் சுவரில் இறுகும், சுவரைக் கிழிக்கும், பிஸ்டனின் தலையை மேலே பிய்த்துக்கொண்டு போகும். கம்பெனி எஞ்சினில் மேல் ரிங் கேப் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நைட்ரஸுக்குப் பொதுவான கணக்கு, போர் அளவில் (சிலிண்டரின் உள்விட்டத்தில்) ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு. 99 மி.மீ. போருக்கு அது சுமார் 0.69 மி.மீ. ஆகிறது. இரண்டாவது ரிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, 0.74. ஏன் கூட என்றால், மேல் ரிங்கைத் தாண்டி வரும் வாயு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மேல் ரிங்கை அது உட்காரும் இடத்திலிருந்து தூக்கிவிடும். கீழே வெளியேற வழி வேண்டும்.

ரிங்கை மிஷினில் கொடுத்துத் தீட்டச் சொல்லலாம். நாங்கள் கையாலேயே செய்தோம். சின்னதாக ஓர் அரைக்கும் சக்கரம், ஒரு கைப்பிடி. ரிங்கை அதில் வைத்து எப்போதும் வெளிமுகத்திலிருந்து உள்பக்கமாகவே சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் வெளிமுகத்து மாலிப்டினம் பூச்சு முனையில் பொரிந்துவிடும். நாலைந்து சுற்று, பிறகு நிறுத்தி எண்ணெய்க்கல்லில் பிசிறு எடுத்து, ரிங்கை அதற்குரிய சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பது. 0.65 தாள் வழுக்கிக்கொண்டு போகும், 0.70 நுழையாது. மறுபடி இரண்டு சுற்று. குறைவாக இருந்தால் இன்னும் எடுக்கலாம். அதிகமாகிவிட்டால் அந்த ரிங் குப்பைக்குத்தான். அண்ணன் ஒவ்வொரு ரிங்கையும் அளந்து, எந்த சிலிண்டர், மேலா கீழா என்று பாலித்தீன் பையில் எழுதி வரிசையாக அடுக்கினார். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அண்ணி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை தட்டையே கேரேஜுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எஞ்சின் மூடியாகிவிட்டது. அடுத்தது பெட்ரோல். நான் போட்டது வெட் கிட்: நைட்ரஸோடு சேர்த்துப் பெட்ரோலையும் தனி சோலனாய்டு வழியாகத் தெளிப்பது. டேங்குக்குள் மணிக்கு 255 லிட்டர் பம்ப் போட்டோம். எல்.எஸ்.1-இல் ஃபியூயல் பிரஷர் 58 பிஎஸ்ஐ. வண்டி நிற்கும்போது கேஜ் 58 காட்டுவதில் ஒன்றுமே இல்லை. சோலனாய்டு திறந்து பெட்ரோல் ஓடும்போதும் அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக பெட்ரோல் சோலனாய்டின் வாயை ஒரு அளவு கேனுக்குள் விட்டு, பம்பை ஓட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே திறந்து பார்த்தோம். பக்கத்தில் தீயணைப்பான், கேரேஜ் கதவு முழுத் திறப்பு, பேட்டரி தள்ளி. இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உருகின பிஸ்டனில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அதோடு ஒரு பிரஷர் சுவிட்சும்: 50-க்குக் கீழே இறங்கினால் நைட்ரஸ் தானாக நின்றுவிடும்.

இக்னிஷனில், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் பொறி விடும் கோணத்தில், 50 குதிரைத்திறனுக்கு இரண்டு டிகிரி குறைப்பது வழக்கம். ஆக்ஸிஜன் கூடினால் எரிவது வேகமாகும். பழைய நேரத்திலேயே பொறி விட்டால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே உச்ச அழுத்தம் வந்து தலையில் அடிக்கும். எங்களுக்கு ஃபுல் திராட்டிலில் 28 டிகிரி இருந்தது. நைட்ரஸ் ஓடும்போது 22 ஆக்கினோம். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், என்.ஜி.கே. டி.ஆர்.6, கேப் 0.9 மி.மீ. பிளாட்டினம் முனைப் பிளக்கை எடுத்துவிட்டோம்.

எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு விண்டோ சுவிட்ச். 3,200 ஆர்.பி.எம்.முக்குக் கீழே திறக்காது, 5,800-க்கு மேலே மூடிவிடும். கீழே திறந்தால் காற்றோட்டம் போதாமல் பெட்ரோல் இன்டேக்குக்குள் தேங்கும். எல்.எஸ்.1 இன்டேக் மேனிஃபோல்டு நைலான். உள்ளே ஒரு பேக்ஃபயர் வந்தால், அதாவது தேங்கிய பெட்ரோல் அங்கேயே பற்றி வெடித்தால், துண்டு துண்டாகிவிடும். மேலே ஆர்.பி.எம். உச்ச வரம்பான லிமிட்டரைத் தொட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்தும், நைட்ரஸ் தொடர்ந்து ஓடும். அந்த ஒரு நொடி போதும். ஆக்ஸிலேட்டர் முழுதும் மிதிபட்டால்தான் வேலை செய்யும் சுவிட்ச் இன்னொன்று.

பாட்டில் பத்து பவுண்டு. பின்பக்கம் வால்வு முன்னோக்கி, லேபிள் மேலே பார்க்க, சற்றே சாய்த்து. உள்ளே சைஃபன் குழாய் இருப்பதால் இந்த நிலை முக்கியம். வண்டி பாயும்போது திரவம் பின்னால் சாய்கிற இடத்தில்தான் குழாயின் வாய். பாட்டிலில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. 1800 முத்திரை இருக்க வேண்டும். கமாரோவில் பின்பக்கமும் டிரைவர் இருக்கும் அறையும் ஒன்றே என்பதால் ரிலீஃப் வால்விலிருந்து ஒரு குழாயை வெளியே இழுத்துவிட வேண்டும், டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி அது. வண்டிக்கு விற்கும் நைட்ரஸில் கந்தக டையாக்ஸைடு கலந்திருக்கும், யாரும் மோந்து பார்க்கக் கூடாது என்பதற்காக. மோந்தால் உயிருக்கே ஆபத்து.

பாட்டில் பிரஷர் 900-லிருந்து 950 பிஎஸ்ஐக்குள் இருக்கும் என்று வைத்து ஜெட்டை (ஓட்டத்தை அளந்து விடும் துளை) தேர்ந்தெடுத்தோம். குளிர் ஊர்க்காரர்கள் பாட்டில் ஹீட்டர் வாங்குவதைப் பற்றியே பேசுவார்கள். டெக்சாஸ் வெயிலில் பிரச்சினை தலைகீழ். நைட்ரஸ் 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது. அந்த இடத்தில் பிரஷர் 1,050 பிஎஸ்ஐ. மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சர்வ சாதாரணம். பிரஷர் ஏறினால் அதே ஜெட்டில் நைட்ரஸ் கூடுதலாகப் போகும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும், கலவை வறண்டுவிடும். ஈரத்துண்டைச் சுற்றி, கேஜ் இறங்கும்வரை காத்திருந்துதான் லைனுக்குப் போவேன்.

பவரை அளக்கும் டைனோ மிஷினில் முதலில் 100 குதிரைத்திறனுக்கான ஜெட். கலவை 11.6-இல் (எடைப்படி ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.6 பங்கு காற்று) நின்றது. பிளக்கைக் கழற்றி லென்ஸில் பார்த்தோம்: பீங்கான் வெள்ளையாக, பிஸ்டன் உருகித் தெறித்த அலுமினியப் புள்ளி எதுவும் இல்லாமல். அதன் பிறகுதான் 150. 100 குதிரைத்திறனுக்குப் பத்து நொடியில் 0.8 பவுண்டு நைட்ரஸ் செலவு என்பது கணக்கு, 150-க்கு 1.2. ஒரு பாட்டிலில் ஒரு மாலை முழுக்க ஓட்டலாம், ஆனால் அளவு குறையக் குறைய பிரஷரும் இறங்கும் என்பதால் பாதிக்கு மேல் நான் போவதில்லை.

டிராக்கில் நைட்ரஸ் இல்லாமல் 13.2 நொடி ஓடிய வண்டி 11.6 ஓடியது. அன்று இரவே ஏழாவது சிலிண்டருக்கு மறுபடி லீக்டவுன் எடுத்தோம்: ஆறு சதவீதம். அண்ணன் அந்த அளவைப் பாலித்தீன் பையின் மேல் எழுதி ஸ்க்ரூ டிரைவர் டப்பாவில் போட்டுக்கொண்டார். 11.49 நொடியைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ இந்த வயது வண்டிக்கு ரோல் பார் (வண்டி உருண்டால் டிரைவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) கட்டாயம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த எல்லைக்கு நான் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறேன். அதனால் அடுத்த வேலை ரோல் பார் வெல்டிங். பெரிய ஜெட் பற்றிய பேச்சு அதற்கும், தனி ஃபியூயல் லைனுக்கும் அப்புறம்தான்.