தம்புராவின் கடைசி நொடியில் கேட்ட பழுது

"தம்பி, தம்புரா அடங்குற இடத்துல மணலை உரசுற மாதிரி ஒரு சத்தம் வருது, கேட்டுப் பாரு" என்று அறிவிப்பாளர் அக்கா சொன்னபோது, நான் முதலில் அவருடைய ஹெட்போனைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அதே சத்தம். பேச்சில் இல்லை, நாதஸ்வரத்தில் இல்லை. தம்புரா நாதம் தேய்ந்து மறையும் கடைசி நேரத்தில் மட்டும், அதுவும் இடது பக்கத்தில் மட்டும் ஒரு கரகரப்பு.

எங்கள் சிறிய வானொலி நிலையத்தில் இருப்பது பழைய அனலாக் கன்சோல். உள்ளே ஐசி (பல பாகங்கள் அடங்கிய ஒரே சில்லு) கிடையாது. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன ஒரு கார்டு; செருகி எடுக்கலாம். மைக்கிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். மைக் கார்டு அதை 60 டெசிபல் வரை, அதாவது 1000 மடங்கு, உயர்த்தும். அப்புறம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங், கடைசியாக புரோகிராம் ஆம்ப்ளிஃபயர். ஒலியை வெளியே கொண்டுபோகும் 600 ஓம் லைனுக்குத் தேவையான கரண்ட்டைக் கொடுப்பது இந்தக் கடைசி கார்டின் பொறுப்பு. 600 ஓம் என்பது டெலிபோன் காலத்து வழக்கம். அதில் ஒரு மில்லிவாட் போனால் 0.775 வோல்ட். அந்த அளவைத்தான் இன்றும் சுழியமாக வைத்து டெசிபலில் அளக்கிறோம்.

இடது, வலது புரோகிராம் கார்டுகளை இடம் மாற்றினேன். கரகரப்பும் வலது பக்கம் போய்விட்டது. சரி, பழுது அந்தக் கார்டில்தான். ஒரு மாதம் முன்பு அதே கார்டு முழுசாகச் செத்துப்போய், வெளியில் கொடுத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றி வாங்கியிருந்தோம்.

கார்டை மேசையில் வைத்து 24 வோல்ட் சப்ளை கொடுத்தேன். அவுட்புட்டில் மறக்காமல் 600 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். இந்தச் சுமை (லோடு) இல்லாமல் பார்த்தால் நோஞ்சான் ஆம்ப்ளிஃபயர்கூட ஆரோக்கியமாகத் தெரியும். இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கும் நடுவே 12 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது. ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். வழக்கமான +4 டெசிபல் அளவில் அலை அழகாக இருந்தது. +18 வரை ஏற்றியும் அலையின் தலை வெட்டுப்படவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அப்போதுதான் அக்கா சொன்ன "அடங்குற இடத்துல" என்ற வார்த்தை உறைத்தது. நான் சத்தத்தை ஏற்றி ஏற்றியல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்! ஜெனரேட்டரை -30 டெசிபலுக்கு இறக்கி, ஸ்கோப்பின் திரையைப் பெரிதாக்கினேன். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி. ஏறும்போதும் ஒன்று, இறங்கும்போதும் ஒன்று.

சத்தம் கூடக் கூட ஒலி கெட்டால் அது கிளிப்பிங், அதாவது அலையின் தலை வெட்டுப்படுவது. சத்தம் குறையக் குறையக் கெட்டால் அது கிராஸ்ஓவர். அவுட்புட்டில் மேல் டிரான்சிஸ்டர் அலையின் மேல் பாதியையும், கீழ் டிரான்சிஸ்டர் கீழ் பாதியையும் தள்ளுகின்றன. இரண்டும் திறக்க பேஸ் என்ற கட்டுப்பாட்டுக் காலில் 0.6 வோல்ட் போல வேண்டும். அதை முன்கூட்டியே கொடுத்து இரண்டையும் லேசாக விழிப்பிலேயே வைத்திருக்க, பேஸ்களுக்கு நடுவே இரண்டு டயோடுகளும், திருகி அளவை மாற்றும் ஒரு பிரீசெட்டும் இருக்கும். முன்கூட்டியே கொடுக்கும் அந்த வோல்ட், அதாவது பயாஸ், குறைந்தால், ஒருவர் கைவிட்டு மற்றவர் பிடிக்கும் நொடியில் இடைவெளி விழும். பெரிய சத்தத்தில் அந்த இடைவெளி அலையின் ஒரு துளிதான். அவுட்புட்டை இன்புட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஃபீட்பேக்கும் அதைப் பெருமளவு மூடிவிடும். தம்புராவின் கடைசி நாதத்திலோ ஒலியே அந்தத் துளி அளவுதான்.

இந்த டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் கால்களில் ஆளுக்கொரு 10 ஓம் ரெசிஸ்டர் உண்டு. இரண்டையும் சேர்த்து மில்லிவோல்ட்டில் அளந்தால் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட் தெரிந்துவிடும். நல்ல கார்டில் 120 மில்லிவோல்ட், அதாவது 6 மில்லிஆம்பியர். இதில் 2 மில்லிவோல்ட். பிரீசெட்டைக் கடைசிவரை திருப்பியும் பெரிதாக ஏறவில்லை. டயோடுகளை அளந்தேன். ஒன்றில் 0.67 வோல்ட். மற்றதில் 0.3. விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தால், இரண்டும் சின்னக் கண்ணாடி டயோடுகள்தான், ஆனால் ஒன்றின் உடம்பு கொஞ்சம் குட்டை. 1என்4148 என்ற சாதாரண சிலிக்கான் டயோடு இருக்க வேண்டிய இடத்தில், குறைந்த வோல்ட்டிலேயே திறந்துகொள்ளும் ஷாட்கி டயோடு. மாற்றியவர் முழு சத்தத்தில் சோதித்துத் திருப்தி அடைந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை வைத்து நானும் கார்டு தேறிவிட்டதாகத்தான் நினைத்திருப்பேன்.

சரியான டயோடைப் போட்டதும் உடனே பவர் கொடுத்துவிடக் கூடாது. பிரீசெட் கடைசிவரை திருகிக் கிடக்கிறதே! அப்படியே கொடுத்தால் டிரான்சிஸ்டர்கள் வழியாக அளவுக்கு மீறி கரண்ட் பாயும். அதை முழுசாக எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, பவர் கொடுத்து, மெதுவாக 120க்குக் கொண்டுவந்தேன். படி மறைந்தது.

சந்தோஷமாக டீ குடிக்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 220 மில்லிவோல்ட். நல்ல கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. அதில் ஒரு டயோடு அவுட்புட் டிரான்சிஸ்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. டிரான்சிஸ்டர் சூடானால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறைவாகவே கொடுத்தாலும் திறந்துகொள்ளும். தொட்டுக்கொண்டிருக்கும் டயோடும் அதே அளவு இறங்கி அதைச் சமன் செய்யும். என் கார்டில் டயோடு போர்டின் ஓரமாகத் தள்ளி நின்றது. நானும் புதியதை அதே இடத்திலேயே வைத்திருந்தேன். டயோடின் கால்களை நீளமாக விட்டு வளைத்து, வெப்பப் பசை தடவி டிரான்சிஸ்டரோடு சேர்த்தேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் 120லிருந்து 128 வரைதான் போனது.

கார்டு வெளியே இருக்கும்போதே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கினேன். இவை காய்ந்தால் பழுது ஒரேயடியாக வராது. சிக்னல் பாதையில் இருப்பது காய்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி மெலியும். சப்ளையில் இருப்பது காய்ந்தால் 100 ஹெர்ட்ஸ் ஹம் என்ற ரீங்காரம் எட்டிப் பார்க்கும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், துருவம் மாறினால் வெடிக்கும். கார்டின் விளிம்பில் உள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும், உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இன்புட் டிரான்ஸ்ஃபார்மரை மல்டிமீட்டரின் ஓம் அளவில் சோதிப்பதும் வேண்டாம். மீட்டரிலிருந்து போகும் டிசி, டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோக மையத்தை (கோர்) காந்தமாக்கிவிடும்.

இரவு ஒலிபரப்பு முடிந்ததும் கார்டைச் செருகி, அக்காவை ஹெட்போனில் கேட்கச் சொன்னேன். தம்புரா நின்ற பிறகும் சிறிது நேரம் கண்ணை மூடியே இருந்தார். "வலது பக்கத்தையும் ஒரு தடவை போடு" என்றார். போட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்றார்.

கார்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் 120 என்ற எண்ணும் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற கார்டுகளை ஞாயிறு இரவுக்கு ஒன்றாக இப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் -30இல் தொடங்கி.