கீழடிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் சிலைமான் தாண்டியதும் கீழடிக்குப் பிரிகிற வழி வந்துவிடும். நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம், முற்றமும் வரிசைத் தூண்களுமாகச் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து நிற்காத வாரமே இல்லை எனலாம். ஆனால் இறங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு கூடங்களையும் நடந்தே முடித்துவிடுகிறார்கள். பேழைக்குள் இருக்கும் ஓடு அவர்களுக்கு வெறும் ஓடு. அதை ஒட்டிப் பார்க்காத, கீறிப் பார்க்காத, மண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் பார்க்காத கண்ணுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகவே கை வேலை முதலில், கண்ணாடிப் பேழை பிறகு. பயணத்துக்கு முந்தைய வாரமே பள்ளியில் மூன்று வேலைகளைச் செய்துவிட வேண்டும். 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை இது நன்றாக நடக்கும். அருங்காட்சியகத்தின் உதவி எதுவும் தேவையில்லை.

முதல் வேலை, உடைந்த பானையை ஒட்டுவது. நான்கு பேருக்கு ஒரு கலயம். பூச்சு எதுவும் இல்லாத சுட்ட மண் கலயமாக இருக்கட்டும். கலயத்தைக் கோணிச் சாக்கில் சுற்றி, வயிற்றுப் பக்கம் மரச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 12 முதல் 15 துண்டு கிடைத்தால் சரி. 20-ஐத் தாண்டினால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள், அந்தக் கலயத்தை ஒதுக்கிவிடுங்கள். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். ஒட்டத் தொடங்கும் முன் உப்புத்தாளால் நுனிகளை மட்டும் லேசாக உரசிவிடலாம். ஒட்டும் பரப்பைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் பொருத்தம் போய்விடும்.

வாய், கழுத்து, வயிறு, அடி என்று துண்டுகளை முதலில் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு காகித நாடாவால் மட்டும் முழுப் பானையையும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் பசைக்குப் போகிற குழு எப்போதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும்: கடைசித் துண்டு உள்ளே போகாது. முதல் இணைப்பில் விட்ட அரை மில்லிமீட்டர் பிசகு, துண்டுக்குத் துண்டு கூடிக்கொண்டே வந்து கடைசியில் வழியை அடைத்துவிடுகிறது. நாடாவில் சரியாக நின்ற பிறகு, அடியிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு வரலாம். ஒட்டிய துண்டைத் தட்டு நிறைய மணலில் செருகி வைத்தால் சாயாமல் நிற்கும்.

பசை, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். காய ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால் சில ஆசிரியர்கள் நொடியில் ஒட்டும் பசையை எடுக்கிறார்கள். வேண்டாம். அது விரலில் ஒட்டும், தவறாக ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. வெள்ளைப் பசை என்றால் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்து மறுபடி ஒட்டலாம். பின்னால் பிரிக்க முடியாத எதையும் பழம்பொருளுக்குச் செய்யக் கூடாது என்பது அருங்காட்சியகப் பாதுகாப்பின் அடிப்படை விதி. பிள்ளைகள் அதைக் கையாலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு கலயத்திலும் ஒரு வயிற்றுத் துண்டை ஆசிரியர் முன்பே எடுத்து ஒளித்துவிட வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து பானை முழுசாக வருவது அபூர்வம். இன்னொரு குழுவுக்கு வாய் விளிம்பின் ஒரு துண்டை மட்டும் கொடுத்து, பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். தாளில் ஒரே மையத்தில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்து, விளிம்பைக் கவிழ்த்து வைத்து எந்த வட்டத்தோடு வளைவு பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் முறை. தொல்லியலாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முழு வட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது துண்டில் இருந்தால்தான் விடை நம்பும்படி வரும்.

இரண்டாவது வேலை சின்னது, ஆனால் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது: ஓட்டில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்தில், பெயர் கீறுவது. உடைந்த பூந்தொட்டித் துண்டும் 3 அங்குல ஆணியும் போதும். ஓட்டைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்தால் தூசி பறக்காது. ஓட்டைப் பிடிக்கும் கைக்குத் தடித்த துணியுறை கட்டாயம், ஆணி வழுக்கும். சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஆணியால் நான்கைந்து முறை மெல்ல இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் ஓடு செதிள் விடும். கூட்டல் குறி போன்ற ‘க’ எல்லோருக்கும் எளிதாக வரும். வளைவு உள்ள ‘வ’, ‘ம’ கோணலாகி, மூலை முடுக்கோடு நிற்கும். அது பிழையல்ல. சுட்ட ஓட்டில் ஆணி வளைய மறுக்கிறது, அவ்வளவுதான். ஹரிஷ், ஜஸ்வந்த் போன்ற பெயர்களுக்கு நேரான எழுத்து கிடைக்காமல் பிள்ளைகள் திண்டாடுவார்கள். அரி, சசுவந்து என்று அவர்களே வழி கண்டுபிடிக்க விடுங்கள்.

மூன்றாவது, அகழாய்வுப் பெட்டி. 60-க்கு 40 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அடியில் 8 சென்டிமீட்டர் ஆற்றுமணல், நடுவில் 8 சென்டிமீட்டர் செம்மண், மேலே 5 சென்டிமீட்டர் தோட்டமண். மொத்தம் 50 லிட்டர், எடை 70 கிலோவுக்குக் குறையாது. வகுப்பறையில் நிரப்பி மைதானத்துக்குத் தூக்கிப்போகத் திட்டமிட்டால் அது அங்கேயே கிடக்கும். எங்கே தோண்டப்போகிறார்களோ அங்கேயே நிரப்புங்கள். மண்ணின் ஈரம்தான் முக்கியம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்த மண்ணில் அடுக்குகள் சரிந்து ஒன்றாகிவிடும், அதிக ஈரமானால் தூரிகை வேலை செய்யாது.

அடி அடுக்கில் ஒரே பானையின் ஓடுகள், நடுவில் மணியும் வட்டச் சில்லும், மேலே ஒரு ரூபாய் நாணயமும் பேனா மூடியும். பிறகு முக்கியமான ஒன்று: மேலிருந்து நடு அடுக்கு வரை ஒரு மூலையில் சிறு குழி தோண்டி, தோட்டமண்ணோடு ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மூடிவிடுங்கள். செம்மண் ஆழத்தில் பிளாஸ்டிக் கிடைக்கும்போது குழு விவாதத்தில் இறங்கும். சுற்றியுள்ள மண்ணின் நிறம் வேறாக இருப்பதைப் பார்ப்பவர்தான் விடை சொல்ல முடியும்.

மேலே நூல் கட்டி 20 சென்டிமீட்டர் சதுரங்கள் ஆறு. நால்வரில் ஒருவர் சின்னக் கரணையோடு, ஒருவர் தூரிகையோடு, ஒருவர் அளவுகோலோடு, ஒருவர் குறிப்பேட்டோடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும். விதி ஒன்றே: சதுரம் முழுவதையும் 2 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டராகக் கீழே கொண்டுபோவது. பளபளப்பைப் பார்த்ததும் அந்த இடத்தில் மட்டும் குடைவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. அப்படி எடுத்த பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சதுரமும் ஆழமும் எழுதி, படமும் வரைந்த பிறகுதான் பொருளைத் தொட வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எடுத்த மண்ணைச் சலித்துப் பார்க்க இன்னும் அரை மணி.

இதெல்லாம் முடிந்து கீழடிக்குள் நுழைகிற பிள்ளைகள் நடக்கிற வேகமே வேறு. 40 பேர் என்றால் இரண்டு அணியாகப் பிரித்து அனுப்புங்கள். கருப்பு-சிவப்புப் பானைகளின் முன்னால், உள்ளும் விளிம்பும் ஏன் கருப்பு என்று கேளுங்கள். கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்று போகாததால் கருப்பு, வெளியே காற்று பட்டதால் சிவப்பு. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று கீறிய ஓடுகளின் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம். எழுத்துக்கூட்டி அவர்களே படிக்க நேரம் கொடுத்தால் போதும். 2018-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. சில்லும் பகடையும் இருக்கிற பேழையில் கூட்டம் தானாகவே நின்றுவிடும்.

353 சென்டிமீட்டர் நீளக் கயிறு ஒன்றை எடுத்துப் போங்கள். கீழடி அகழாய்வில் அந்த ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் கணித்தது. திறந்த அகழாய்வுக் குழிகளின் ஓரத்தில் நின்று கயிற்றை நீட்டிக் காட்டினால், பெட்டியில் தோண்டிய 21 சென்டிமீட்டரோடு பிள்ளைகளே ஒப்பிட்டுக்கொள்வார்கள். குழிகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வெயிலில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் நேரமிருந்தால், இதே சாலையில் தென்கிழக்கே மானாமதுரை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டங்களின் ஊர். அடுத்த ஆண்டு உடைக்க வேண்டிய கலயங்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சக்கரத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், சென்னைப் பள்ளிகளுக்கு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்கிற பண்பாட்டு அருங்காட்சியகம் பக்கம்.

கீழடியைச் சுற்றிய வயல்வரப்புகளில் பழைய ஓடுகள் கண்ணில் படலாம். ஒன்றைக்கூடப் பைக்குள் போட அனுமதிக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம் எடுத்து அருங்காட்சியகப் பணியாளரிடம் காட்டச் சொல்லுங்கள். பேருந்து ஏறும் முன்னால் பைகளை ஒருமுறை பார்த்துவிடுவதும் ஆசிரியர் வேலைதான்.