சுருதி சேராத ஜெபக்கூட்டம்

லிங்கராஜபுரத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் இசைப்பள்ளி. ஐந்து அறைகள், எல்லாரையும் சேர்த்தால் நாற்பது மாணவர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளுக்குப் பியானோ, கிதார், டிரம்ஸ் சொல்லித் தருகிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்த நான், சாயங்காலப் பியானோ வகுப்பில் சேர்ந்தேன். படிப்பவர்களில் பாதிப் பேராவது கிறிஸ்தவர்கள் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆசிரியர் வெளியே போனதும் ஸ்கேல் பயிற்சி நின்று ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஆரம்பித்துவிடும்.

ஊரில் கல்லூரி நாட்களில் நான் இ.யூ.வில், அதாவது இவாஞ்சலிக்கல் யூனியனில், இருந்தவள். 1954-இல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பின் கல்லூரிக் குழுக்களை அப்படித்தான் சொல்வோம். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், ஆனால் நடத்துவது மாணவர்கள். இங்கேயும் அப்படி ஒரு ஜெப ஐக்கியம் இருந்தால் என்ன என்று பள்ளியை நடத்தும் மேடத்திடம் கேட்டேன். முடியாது என்றார்.

"எல்லா மதத்துப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். நாளைக்கு ஒரு அப்பா வந்து கேட்டால் நான் என்னம்மா பதில் சொல்ல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவரும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தபோது, அந்த அப்பாவின் இடத்தில் என் அப்பாவை வைத்துப் பார்த்தேன். கேள்வி சரிதான். அடுத்த வாரம் ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போனேன். சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும். அறிவிப்புப் பலகையில் எதுவும் ஒட்ட மாட்டோம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஆசிரியர்கள் வந்தால் பின்வரிசையில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. மார்க் போடுகிறவர் முன்னால் நின்று ஜெபித்தால் வராத பிள்ளைக்குப் பயம் வரும் அல்லவா, அதனால் கடைசி நிபந்தனை. அதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: டிரம்ஸ் கூடாது.

அனுமதிதான் பெரிய மலை என்று நினைத்திருந்தேன். கூடிய பிறகுதான் தெரிந்தது, பாட்டுதான் மலை.

முதல் நாள் ஒன்பது பேர். தமிழர் நான்கு பேர், மிசோரத்திலிருந்து இரண்டு தம்பிகள், மற்றவர்கள் மலையாளிகள், கன்னடர்கள். வேறு இடத்தில் என்றால் யாராவது ஒருவர் கிதாரை எடுப்பார், மற்றவர்கள் பாடுவார்கள். இங்கே ஒன்பது பேருமே வாசிக்கிறவர்கள். பெந்தெகொஸ்தே சபைக் கீபோர்டு அண்ணன் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி ஒரு சுருதி எடுத்தால், "பெண்களுக்கு எட்டாது, இறக்குங்கள்" என்று ஒரு குரல். கீர்த்தனை பாடலாம் என்று நான் ஆனந்தபைரவி ராகத்தில் ஒன்றை ஆரம்பித்தேன். அண்ணன் ஒவ்வொரு அடிக்கும் பல சுரங்களைச் சேர்த்து அழுத்திக் கார்டு போட்டார். இழுத்து அசைத்துப் பாட வேண்டிய இடத்தில் எல்லாம் கார்டு வந்து குறுக்கே நின்றது. நான் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு வேதம் வாசிக்க ஐந்து நிமிடம்தான் மிஞ்சியது.

மூன்று வாரம் இப்படியே போனது. மிசோ தம்பிகள்தான் பாவம், பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சபைப் பாட்டுப் புத்தகம் டானிக் சோல்ஃபா என்ற இசை எழுத்து முறையில் இருக்கிறது. பியானோ நோட்டில் வரும் ஐந்து கோடுகள் கிடையாது, வெறும் எழுத்தும் புள்ளியும்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலேயப் போதகர் பரப்பிய முறை. எந்தச் சுருதியில் எடுத்தாலும் முதல் சுரமான டோ டோதான், நம் சட்ஜம் மாதிரி. நான்காவது வாரம் இருவரும் எதையும் தொடாமல் இரண்டு குரலில் பாடிக் காட்டினார்கள். அண்ணன் தானாகவே கீபோர்டு சுவிட்சை அணைத்தார். அன்றிலிருந்து வாத்தியம் கிடையாது.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்வதில் வேறு சிக்கல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் நாங்கள் 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று தொடங்க, சிவாஜிநகர்க் கத்தோலிக்கத் தங்கை 'விண்ணுலகில் இருக்கிற' என்று தொடங்கினாள். நாங்கள் 'ராஜ்யமும் வல்லமையும்' என்று நீட்டிக்கொண்டு போகும்போது அவள் ஆமென் சொல்லி முடித்து, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அவரவர் ஜெபத்தை அவரவர் சொல்வோம், முந்தி முடித்தவர் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். செப்டம்பர் 8 மாதா திருநாளை ஒட்டி அவள் வரவே மாட்டாள். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம், அந்தப் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது.

இப்போது பதினோரு பேர் வருகிறோம். தேர்வு மாதத்தில் மட்டும் இரண்டு வாரம் விடுமுறை. வாத்தியம் இல்லாததால் ஒரு சங்கடம் உண்டு: கடைசிச் சரணம் வருவதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து சுருதியில் அரைக் கட்டை இறங்கிவிடுகிறோம். போன சனிக்கிழமை பின்வரிசையில் மேடம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபித்தாரா, எங்கள் சுருதியைப் பொறுத்துக்கொண்டிருந்தாரா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.