மஞ்சள் கீழ் இலையிலா, கொழுந்திலா?

தொட்டிச்செடி வெளிறியதும் உரத்தை அள்ளிப் போடாதீர்கள். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும்; அதனால் குறை கீழே தெரியும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, குறை மேலே தெரியும்.

கீழ் இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்து. ஓரம் மட்டும் கருகினால் பெரும்பாலும் சாம்பல்சத்து. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் மெக்னீசியம்: லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து மாலையில் தெளியுங்கள்.

அதே பச்சை நரம்பு கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜாவில் அடிக்கடி வரும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 7.5-ஐத் தாண்டினால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரையுங்கள். கரைசல் துருநிறமானால் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் இலையில் தெளியுங்கள். பலனைப் புதுக் கொழுந்தில்தான் பார்க்க வேண்டும்.

தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அமுங்குவது கால்சியம் குறை. ஆனால் முட்டை ஓடு இந்தக் காய்ப்புக்கு உதவாது, மட்க மாதக்கணக்காகும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

இதெல்லாம் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருந்தால்தான். நீர் தேங்கி அழுகிய வேரும் இதே மஞ்சளைத்தான் காட்டும்.