அடுத்தவங்க பத்திரத்துல எங்க பூட்டன்

ஜூன் 8, ஞாயிறு, குடவாசல்

எங்க முன்னோர் பேரு பழைய பதிவு எதுலயாவது இருக்கான்னு தேட ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல அத்தைகிட்ட உக்காந்து கேட்டேன். அவங்க தாத்தா, அதாவது எனக்கு பூட்டன், "தாது வருஷத்துல பொறந்தவருடா தம்பி, பஞ்சத்துல பொழச்ச புள்ள"ன்னாங்க. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்க திரும்ப வருமில்ல, தாதுன்னா 1876-ம் வரும் 1936-ம் வரும், ஆனா பஞ்சம்னு சொல்லிட்டாங்களே, அப்ப 1876 தான்.

ஜூன் 11

பத்திர ஆபீஸ். ஆன்லைன்ல 1975-லேருந்து தான் வில்லங்கம் பாக்க முடியுது, அதுக்கு முன்னாடின்னா மனு போட்டு தேடச் சொல்லணும். ஆனா எங்க ஆளுங்க வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்குக்கு, உழுதவங்க, சொந்த நிலமே கிடையாது, அப்புறம் பட்டா ஏது பத்திரம் ஏது. கல்லறையும் இல்ல, ஆத்தங்கரையில எரிச்சதோட சரி. 1845-ல தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போன டேனிஷ்காரங்களுக்கு அங்க இன்னும் கல்லறை நிக்குது, இந்த மண்ண உழுதவன் பேரு எங்கயுமே இல்லைன்னா மனசு எப்படி ஆறும்.

வெளில உக்காந்து பத்திரம் எழுதுற பெரியவர் தான் வழி சொன்னாரு. "பூட்டன் பேருல தேடாதீங்க தம்பி, பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தப் பாருங்க, நாலெல்லைன்னு சுத்தி யாரு யாரு இருக்காங்கன்னு எழுதுவாங்க, அதுலயும் சாட்சியிலயும் ஊரு ஜனம் பூரா இருக்கும்."

ஜூன் 14

மிராசுதார் வீடு. முற்றம், தேக்குத் தூணு, பாதி பூட்டிக் கெடக்கு. அந்த வீட்டு அம்மா தகரப்பெட்டியையே தூக்கி முன்னாடி வச்சுட்டாங்க, அந்த மனசு யாருக்கு வரும். எல்லாம் வேலி, மா, குழி கணக்கு (100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி), வரிக்கு வரி "ஷை ஷை" (மேற்படின்னு அர்த்தம்). மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சிக்கல, அப்புறம் 1924-ல எழுதுன ஒரு மனைக்கட்டு கிரயம், எல்லையில "குடியிருக்கும் கூரைவீட்டுக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு"ன்னு இருக்கு, அந்தக் கூரைவீடு எங்க பூட்டனோடது! இன்னார் குமாரர்னு அவரு அப்பா பேரோட. கடைசில சாட்சிக்கு அவரே கைநாட்டு வச்சிருக்காரு, பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு.

அந்த அப்பா பேரு தான் எங்க தாத்தாவுக்கும். பாட்டன் பேரத்தான பேரனுக்கு வைப்பாங்க, அதனால வேற ஆளா இருக்க வழியே இல்ல.

ஜூன் 15

அத்தையை வண்டில கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டினேன். வாய்க்கா அப்படியே இருக்கு, கூரைவீடு இருந்த எடம் தென்னந்தோப்பு.

நாளைக்கு தாலுகா ஆபீஸ். 1969-ல குத்தகை உரிமைப் பதிவுக்கு சட்டம் வந்துச்சு, குத்தகைதாரர் பேரு பதிவேட்டுல ஏறினது அதுக்கப்புறம் தான். தாத்தா அப்ப உசுரோட இருந்தாரு, அவரு பேரு சர்வே நம்பரோட இருக்கும்னு நம்புறேன். மனு எழுதியாச்சு.